எட்டு மைக், ஒரு வேன், ஏழு நாள்

நாள் 1

விடியும் முன்பே வேன் கிளம்பிவிட்டது. குழுவில் ஐந்து பேர், ஆறாவது ஆள் நான். பாடகி, கிட்டார், பேஸ், கீபோர்டு, டிரம்ஸ் என்று அவர்கள் ஐவர். ஒலி என் பொறுப்பு. ஏழு நாளில் ஆறு நிகழ்ச்சிகள். எல்லாமே சின்ன மேடைகள். பெரும்பாலும் ஸ்பீக்கரை நாங்களே இறக்கி, நாங்களே ஏற்றியாக வேண்டும். அன்றன்று நடந்ததை அன்றிரவே எழுதிவிடுவதாக இருக்கிறேன். மறுநாள் என்றால் பாதி மறந்துபோகும்.

பெட்டியில் இருப்பவை எட்டு மைக். ஷூர் நிறுவனத்தின் எஸ்எம்58 நான்கு, எஸ்எம்57 இரண்டு, காலால் மிதிக்கும் கிக் டிரம்முக்கென்று பெரிய மைக் ஒன்று, பென்சில் போல ஒல்லியான கண்டென்சர் ஒன்று. கருவியை நேரே மிக்சரில் இணைக்க உதவும் டிஐ பாக்ஸ் மூன்று, பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டு, மேடையில் இருப்பவர்கள் தங்கள் ஒலியைத் தாங்களே கேட்பதற்காகத் தரையில் சாய்த்து வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் இரண்டு, எல்லா ஒலியையும் அளவு பார்த்துக் கலக்கும் பதினாறு சேனல் மிக்சர் ஒன்று. நேற்று இரவே கேபிள்களை ஒவ்வொன்றாகச் செருகி, ஆட்டிப் பார்த்து, கரகரத்த இரண்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

எஸ்எம்58 வந்தது 1966இல். அதற்கு ஓர் ஆண்டு முன்னால் வந்தது எஸ்எம்57. எஸ்எம் என்பதே ஸ்டுடியோ மைக் என்பதன் சுருக்கம்தான். ஆனால் அதைத் தூக்கிப்பிடித்தவர்கள் மேடைக்காரர்கள். 50 ஹெர்ட்ஸிலிருந்து 15 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். சொல் புரியும் மேல்பகுதியைச் சற்றுத் தூக்கிக் காட்டும். இதைவிட நுட்பமான மைக்குகள் நிறைய உண்டு. ஆனால் வேனில் உருண்டு, மேடையில் விழுந்து, வியர்வையில் நனைந்து, மறுநாளும் அதே குரலைத் தருகிற மைக் என்றால் என் கை இதைத்தான் தேடிப் போகும்.

முதல் இடம் நீளமான, குறுகலான ஓர் அறை. அறுபது பேர் உட்காரலாம். கூரை தாழ்வு, எதிர்ச்சுவர் முழுக்கக் கண்ணாடி. மேடை என்று தனியாக எதுவும் கிடையாது. ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். அந்த மூலையில் டிரம்ஸை விரித்ததும் பாதி இடம் போய்விட்டது. பாடகியின் முதுகுக்குப் பின்னால் ஒரு கை எட்டும் தூரத்தில் டிரம்ஸின் உலோகத் தட்டு, சிம்பல்.

தொடங்கிய இரண்டாவது பாட்டிலேயே, "அண்ணா, என் குரல் எனக்குக் கேட்கல, மானிட்டர்ல ஏத்துங்க" என்று சைகை. ஏற்றினேன். மூன்றாவது பாட்டில் இன்னும் கொஞ்சம். நான்காவதில் இன்னும் கொஞ்சம். ஐந்தாவது பாட்டின் நடுவில், அவர் மூச்செடுக்க வாய் மூடிய நொடியில், மானிட்டர் 'கூ' என்று ஊளையிட்டது; அதன் ஒலி மைக்குக்குள் திரும்பப் போய், மறுபடி மானிட்டரில் வந்து, சுற்றிச் சுற்றிப் பெருகினால் வரும் ஊளை அது. முன்வரிசையில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டதை இங்கிருந்தே பார்த்தேன். அந்த அதிர்வெண்ணைப் பிடித்து வெட்டினேன்; சற்று நேரத்தில் வேறோர் இடத்தில் கிளம்பியது. மறுபடி வெட்டினேன். முடிவில் ஊளை நின்றது, கூடவே குரலில் இருந்த உயிரும் போய்விட்டது.

நடந்தது இதுதான். டிரம்மர் அடித்தார். டிரம்ஸுக்கு மேல் கேட்க வேண்டும் என்று கிட்டார்காரர் தன் ஆம்பின் (கிட்டாருக்கான ஒலிபெருக்கி) ஒலியை ஏற்றினார். பேஸ் அண்ணன் அதற்கு மேல். இவை எல்லாவற்றையும் தாண்டிப் பாடகி கத்தினார். எட்டாவது பாட்டில் மேல் ஸ்வரம் உடைந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் அவர் பேசிய குரல் பாதி காற்றாக வந்தது. இன்னும் ஐந்து மேடை மீதம் இருக்கிறது.

தூங்குவதற்கு முன் ஒன்றை எழுதி வைக்கிறேன். இன்று ஒலியைச் சரிசெய்ய நான் ஒரு தடவைகூட மிக்சரை விட்டு எழுந்து மேடைக்குப் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே குமிழ் திருகிக்கொண்டிருந்தேன். அதுதான் தப்பு.

நாள் 2

வேனில் ஐந்து மணி நேரம். பாடகி பேசவில்லை, தொண்டைக்கு ஓய்வு. மற்றவர்கள் பேசினோம்.

1911இல் எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒரு விஷயத்தை எழுதினார். காதில் இரைச்சலைக் கொடுத்தால் மனிதர் தம்மையறியாமல் குரலை உயர்த்துகிறார். இரைச்சலை நிறுத்தினால் தானாகவே தணித்துக்கொள்கிறார். காது கேளாதவர்களைச் சோதிக்கப் போன இடத்தில் அவர் கண்டது இது. இன்றும் அவர் பெயரில்தான் அந்த விளைவைச் சொல்கிறார்கள். நேற்று அந்த மூலையில் நடந்ததும் அதேதான். 'கத்தாமல் பாடு' என்று பாடகரிடம் சொல்லிப் பயனில்லை. அது அவர் மனத்தில் இருக்கும் பிடிவாதம் இல்லை, உடம்பு செய்கிற வேலை. அவர் குரல் அவர் காதில் விழுந்தால் தொண்டை தானாகத் தணியும்.

1965 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் வாசித்தபோது ஐம்பத்தைந்தாயிரம் பேருக்கு மேல் கூட்டம். மேடையில் மானிட்டர் என்ற ஒன்றே கிடையாது. கூட்டத்தின் கூச்சலில் தாங்கள் பாடுவது தங்களுக்கே கேட்கவில்லை. அந்த நால்வருக்கே அப்படி என்றால் மூலையில் நிற்கும் எங்கள் பாடகியைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

இன்று கிடைத்தது ஒழுங்கான ஓர் அரங்கம். உயரமான மேடை, பின்னால் கனத்த திரை. போனதும் மிக்சரைத் தொடவில்லை. மேடையில்தான் ஒரு மணி நேரம் செலவழித்தேன்.

முதலில் கிட்டார் ஆம்ப். அது தரையில் இருந்தது. வாசிப்பவரின் முழங்காலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. ஆம்பின் ஒலி, அதிலும் கூர்மையான மேல்பகுதி, நேராகத்தான் பாயும். அவர் காதுக்கு எட்டாது. பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பவர் நெற்றியில் போய் அடிக்கும். ஆம்பை ஒரு நாற்காலியில் ஏற்றி, அவர் காதைப் பார்த்துச் சாய்த்து வைத்தேன். "வாசிச்சுப் பாருங்க" என்றேன். ஒரு நிமிடம் வாசித்தவர் நான் கேட்காமலே வால்யூமைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்.

அடுத்து மானிட்டர். எஸ்எம்58 கார்டியாய்டு வகை. முன்னால் வருவதை நன்றாகக் கேட்கும், பக்கவாட்டில் குறைவாக, நேர் பின்னால் மிகக் குறைவாக. ஆகவே மானிட்டர் இருக்க வேண்டிய இடம் மைக்கின் வால் காட்டும் திசை. நேற்று இடமில்லாமல் பக்கவாட்டில் வைத்திருந்தேன். இன்று நேர் எதிரே வைத்து, மைக்கின் வால் மானிட்டரைப் பார்க்கும்படி ஸ்டாண்டைச் சாய்த்தேன்.

மூன்றாவது, பாடகியின் கை. ஸ்டாண்டிலிருந்து மைக்கை எடுத்துப் பாடும்போது பந்துபோன்ற வலைத் தலையை உள்ளங்கையால் மூடிப் பிடிப்பார். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பின்பக்கத்து ஒலியைத் தள்ளிவிடும் வேலையைச் செய்வது அந்தத் தலைக்குக் கீழே, உள்ளே இருக்கும் துளைகள். அவற்றை மூடினால் கார்டியாய்டு, கார்டியாய்டாக இராது. எல்லாத் திசையிலிருந்தும் வாங்கும். மானிட்டர் உடனே ஊளையிடும், குரலும் டப்பாவுக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

"கையைக் கொஞ்சம் கீழே இறக்கும்மா, தண்டுல பிடி" என்றேன். இறக்கினார். அதே மிக்சர், அதே அளவு. குரல் திறந்துகொண்டது. அவரே திடுக்கிட்டுப்போய் மறுபடி மூடிப் பார்த்தார், திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார். மூன்று தடவை. பிறகு சிரித்தார். காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தார்.

உதட்டுக்கும் மைக்குக்கும் உள்ள இடைவெளி கடைசி. திறந்த வெளியில் தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் ஏறும். எட்டு விரல்கடை தள்ளிப் பாடுகிறவர் நான்குக்கு வந்தால் 6, இரண்டுக்கு வந்தால் 12. பின்னால் இருக்கும் சிம்பலோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. இத்தனை ஆதாயத்தை எந்தக் குமிழும் தராது. கிட்டே வந்தால் அடிக்குரல் ஊதிப் பெருக்கும். மைக்கின் இயல்பு அது. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் அடங்கிவிடும்.

இன்று மானிட்டரை நேற்று வைத்ததைவிடக் குறைவாக வைத்தேன். பாடகி ஒரு தடவைகூட 'ஏத்துங்க' என்று கை காட்டவில்லை.

நாள் 3

கல் மண்டபம். கூரை எங்கோ உயரத்தில். உள்ளே நுழைந்ததும் கை தட்டினேன். ஓசை சுற்றிச் சுற்றி வந்து அடங்குவதற்குள் மூன்று எண்ணிவிட்டேன். ஒற்றைக் குரலுக்கு இது சொர்க்கம். டிரம்ஸுக்கும் பேஸுக்கும் சேறு. ஒரு அடியின் கார்வை அடங்குவதற்குள் அடுத்த அடி, அதற்குள் அடுத்தது. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பிவிடும்.

இந்தக் கணக்கை முதலில் எண்ணாகப் பிடித்தவர் வாலஸ் சபைன். 1895இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரை அறை பேச்சே புரியாத அளவுக்கு முழங்கியது. அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து அறையில் அடுக்குவாராம். ஆர்கன் குழாய் ஒன்றை ஊதவிட்டு நிறுத்தி, ஓசை அடங்க எத்தனை நொடி என்று அளப்பாராம். விடிவதற்குள் மெத்தைகள் பழைய இடத்துக்குப் போய்விட வேண்டும். எத்தனை மெத்தைக்கு எத்தனை நொடி குறைகிறது என்று கணக்குப் பார்த்து, அறையின் கொள்ளளவையும் உறிஞ்சும் பரப்பையும் சேர்த்து அவர் எழுதிய சூத்திரத்தை இன்றும் பயன்படுத்துகிறோம்.

எங்களிடம் மெத்தை ஏது? ஆட்கள் வருவார்கள். ஒவ்வோர் ஆளும் உடுப்போடு ஓசையை உறிஞ்சுவார். காலி மண்டபத்தில் வைத்த அளவு கூட்டம் நிறைந்ததும் பொருந்தாது. மேல் அதிர்வெண்கள்தான் முதலில் மங்கும். அதனால் நிகழ்ச்சிக்கு முன் ஒலியைச் சரிபார்க்கும் சவுண்ட் செக்கில் எதையும் முடிவாக வைக்கவில்லை.

இன்று செய்த வேலையெல்லாம் கழித்தல்தான். டிரம்ஸுக்கு மைக்கே வேண்டாம் என்றேன். கிட்டார் ஆம்புக்கும் வேண்டாம். மூன்று குரல் மைக், கீபோர்டும் பாடகியின் அகௌஸ்டிக் கிட்டாரும் டிஐ வழியாக. அவ்வளவுதான். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பானால் ஊளைக்கு முன் கிடைக்கும் இடைவெளியில் 3 டெசிபல் போய்விடும்; எட்டை நான்காக்கினால் அந்த 3 திரும்பக் கிடைக்கும். ஸ்பீக்கர்களை மேடையோரத்தில் விடாமல் கூட்டத்துக்கு அருகே கொண்டுவந்து, தலைகளைப் பார்த்துச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்தேன். கூரைக்குப் போகிற ஒலிதான் கார்வையாகத் திரும்பி வருகிறது. அங்கே அனுப்பாமல் இருப்பதே நல்லது.

டிரம்மரிடம் போய், "தம்பி, இந்த மண்டபம் உனக்காகப் பாதி வாசிக்கும், நீ பாதி வாசி" என்றேன். அவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வேகமான பாட்டுகளை அவர்களே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு மெதுவானவற்றைச் சேர்த்தார்கள். அறை கேட்பதை வாசிக்கிற குழு இது. எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

நாள் 4

நிகழ்ச்சி இல்லை. தங்கிய இடத்துத் திண்ணையில் சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், கரகரத்த இரண்டு கேபிள்.

மைக் கேபிளின் எக்ஸ்எல்ஆர் முனையைக் கழற்றினால் உள்ளே மூன்று பின். ஒன்று எர்த், இரண்டும் மூன்றும் ஒலி. ஒரே ஒலியைத்தான் இரண்டிலும் அனுப்புகிறார்கள், மூன்றில் மட்டும் தலைகீழாக. மிக்சர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும். வழியில் விளக்குக் கம்பியோ சார்ஜரோ ஏற்றிவிட்ட இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரிதான் ஏறியிருக்கும், கழித்தால் பூஜ்யம். தலைகீழாக வந்த ஒலியோ கழிக்கும்போது கூடிவிடும். முப்பது மீட்டர் கேபிள் இழுத்தாலும் மைக்கின் மெல்லிய சமிக்ஞை சுத்தமாக வந்து சேர்வது இதனால்தான். கிட்டாரிலிருந்து வரும் சாதாரண இரட்டைக் கம்பிக்கு இந்த வசதி கிடையாது. அதை மேடையிலேயே இந்த வகைக்கு மாற்றிக் கொடுக்கத்தான் டிஐ பாக்ஸ்.

இதே கழித்தலை 1974இல் அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட்டினர் மைக்குக்கே செய்தார்கள். அவர்களுடைய ஸ்பீக்கர் சுவர் முழுவதும் இசைக்கலைஞர்களுக்குப் பின்னாலேயே நின்றது. மைக்குகளும் அதைப் பார்த்தே இருந்தன. சாதாரணமாக விட்டால் ஊளை தாங்காது. ஆளுக்கு இரண்டு மைக் மேலும் கீழுமாகக் கட்டி, ஒன்றைத் தலைகீழாக இணைத்தார்கள். சுவரிலிருந்து வரும் ஒலி இரண்டிலும் ஒன்றுபோல் விழுந்து கழிந்துபோகும். பாடகர் ஒன்றில் மட்டும் உதட்டை ஒட்டிப் பாடுவதால் அவர் குரல் தங்கும். உதடு சற்று விலகினால் குரலும் சேர்ந்து மெலியும். எடுத்துச் சுமப்பதற்கே பெரும் பாரமான அமைப்பு. அந்த ஆண்டோடு அதைக் கைவிட்டார்கள். ஆனால் அதன் யோசனை என் கையில் இருந்த கேபிளுக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு கேபிளிலும் பின் மூன்றின் பற்று விட்டிருந்தது. ஒட்டியாயிற்று. பாடகி முதல் தடவையாகச் சத்தமாகப் பேசினார். தொண்டை தேறிவிட்டது.

நாள் 5

இன்றைய நாளை விரிவாக எழுதியே ஆக வேண்டும்.

திறந்த மைதானம். மேடை போட்டிருந்தார்கள், பெரிய ஸ்பீக்கர்கள் அவர்களுடையவை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. மேடைப் பலகை ஈரம். சவுண்ட் செக்கில் கிட்டார்காரர் பின்பாட்டு பாட மைக்கிடம் குனிந்தார். உதடு வலைத் தலையில் பட்டதும் 'சுரீர்' என்று பின்வாங்கினார். "லேசா ஷாக் அடிக்குது" என்றார், ஏதோ எறும்பு கடித்ததுபோல.

எல்லோரையும் கருவியைக் கீழே வைக்கச் சொன்னேன். மல்டிமீட்டரின் ஒரு முனையை மைக்கின் வலையிலும் மறுமுனையைக் கிட்டார் தந்தியிலும் வைத்தேன். 90 வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

காரணம் இது. கிட்டார் தந்தி கேபிள் வழியாக ஆம்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. மைக்கின் உடம்பு மிக்சரின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே எர்த் என்றால் இடையில் வோல்ட்டேஜ் இராது. இங்கே மிக்சருக்கு ஓர் இடத்திலிருந்து மின்சாரம், மேடை ஆம்புகளுக்கு வேறோர் இடத்திலிருந்து நீள இழுத்த வயர். அந்த வயரில் எர்த் கம்பி கழன்று கிடந்தது. கை தந்தியில், உதடு மைக்கில், நடுவில் மனித உடம்பு.

1972 மே மாதம் வேல்ஸில் ஸ்வான்சீ நகரத்து மேடையில், ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு, கூட்டத்தின் கண்ணெதிரே இறந்தார். இந்தத் தொழிலுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்ல வேண்டிய பெயர் அது. 'லேசாக அடிக்கிறது' என்ற ஒன்று கிடையாது. இன்று அவர் கை காய்ந்திருந்தது, ரப்பர் செருப்பு போட்டிருந்தார். வெறும் காலோடு அந்த ஈரப் பலகையில் நின்றிருந்தால்?

அங்கிருந்த ஒருவர் உதவும் எண்ணத்தோடுதான் சொன்னார்: "ஆம்ப் பிளக்கோட எர்த் பின்னை எடுத்துட்டா போதும், நிக்கும்." சில மேடைகளில் நின்றுவிடுவதுபோல் இருக்கும். உறுமல் நிற்கும், சுரீரும் நின்றதுபோல் தோன்றும். ஆனால் ஆம்புக்குள் என்றாவது ஒரு கம்பி கழன்று உடம்பைத் தொட்டால் அந்த மின்சாரம் போக வேறு வழி இராது. வாசிப்பவர் வழியாகத்தான் போகும். முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்த வயரையே கழற்றிப்போட்டுவிட்டு, மேடை, மிக்சர் எல்லாவற்றுக்கும் எர்த் சரியாக உள்ள ஒரே போர்டிலிருந்து இழுத்தோம். நாற்பது நிமிடம் தாமதம். மீட்டரை மறுபடி வைத்தேன். ஒவ்வொரு மைக்குக்கும், ஒவ்வொரு கருவிக்கும். பூஜ்யத்தை ஒட்டி நின்றது. பிறகுதான் வாசிக்கவிட்டேன்.

கீபோர்டில் ஒரு உறுமல் மீதம் இருந்தது. அதற்கு டிஐ பாக்ஸில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்தினேன்; போய்விட்டது. அது ஒலிக் கேபிளின் எர்த்தை மட்டும்தான் துண்டிக்கிறது, மின்சாரத்தின் எர்த்தை இல்லை. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

அப்புறம் நிகழ்ச்சி. சுவரே இல்லாததால் மானிட்டர் கண்ணாடி போலத் தெளிவு. காற்று மட்டும் மைக்கில் 'புஸ்புஸ்' என்று அடித்தது. பஞ்சு உறை மாட்டி, 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினேன். தாழ்ந்த ஒலிக்கான இரண்டு சப் ஸ்பீக்கர்களை மேடையின் இரு கோடியில் வைத்திருந்தார்கள். அப்படி வைத்தால் நடுக்கோட்டில் பேஸ் குமுறும், அதிலிருந்து விலகி நடந்தால் சில இடங்களில் காணாமல் போகும். இரண்டையும் மேடைக்கு முன் நடுவில் சேர்த்து வைக்கச் சொன்னேன். மைதானம் முழுக்கப் பரவலாகக் கேட்டது. அறுபது மீட்டர் தள்ளிப் போய் நின்று பார்த்தேன். நொடிக்கு 343 மீட்டர் வேகம் என்றால் அங்கே வர ஆறில் ஒரு பங்கு நொடிக்குமேல் ஆகும். டிரம் குச்சி இறங்கியது கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் அடி காதில் விழுந்தது.

நாள் 6

பல குழுக்கள் ஏறி இறங்கும் மேடை. ஒரு குழு இறங்கி மறு குழு தொடங்கப் பதினைந்து நிமிடம். சவுண்ட் செக் என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு வயரிலும் சத்தம் வருகிறதா என்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

மிக்சரில் உட்கார்ந்திருந்தவர் வேறு ஆள். நான் கொண்டுபோனது ஒரே ஒரு தாள். மேலே மேடைப் படம், யார் எங்கே நிற்பார் என்று. கீழே சேனல் வரிசை: எதற்கு மைக், எதற்கு டிஐ, எந்த மைக்குக்கு 48 வோல்ட் பேண்டம் பவர் (மிக்சரே கேபிள் வழியாக மைக்குக்குத் தரும் மின்சாரம்), யாருக்கு மானிட்டரில் என்ன வேண்டும். அவர் தாளை வாங்கி ஒரு பார்வை பார்த்தார், தலையசைத்தார். இரண்டு பேருக்கும் அதற்கு மேல் பேச வேண்டிய அவசியமே வரவில்லை. இந்தத் தாளை எழுத அரை மணி நேரம் போதும். சின்னக் குழுக்கள் பல இதைச் செய்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மானிட்டர் ஒன்றுதான் சற்றுத் தகராறு செய்தது. அங்கே இருந்த குரல் மைக் சூப்பர்கார்டியாய்டு. அது முன்பக்கம் இன்னும் குறுகலாகக் கேட்கும், ஆனால் நேர் பின்னாலும் கொஞ்சம் கேட்கும். அது மிகக் குறைவாகக் கேட்கும் திசை 125 டிகிரி பக்கம், அதாவது வாலுக்கு நேராக இல்லாமல் இடமும் வலமும் நன்றாகத் தள்ளி. முன்பு வாசித்த குழுவுக்கு மானிட்டரை நேர் எதிரே வைத்திருந்தார்கள். பாட்டுக்குப் பாட்டு 'உய்ய்' என்றது. எங்கள் முறை வந்ததும் அந்த ஒலிக்காரரிடம் கேட்டுக்கொண்டு மானிட்டரை ஓரமாக நகர்த்தினேன். ஓரடி கூட இராது. அமைதி. அடுத்த குழுவுக்கும் அதை அங்கேயே விட்டுவைத்தார்.

நாள் 7

கடைசி இடத்துக்குள் நுழைந்ததும் பேஸ் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். முதல் நாள் அறையின் உடன்பிறப்பு போல இருந்தது. தாழ்ந்த கூரை, எதிரே பளபளக்கும் சுவர், ஒரு மூலை.

இந்தத் தடவை மூலையை விட்டு வெளியே வந்தோம். அறையின் நீளச் சுவரில் விரித்தோம். எல்லோரும் ஒரு வரிசையில் நிற்கலாம், டிரம்ஸ் ஓரத்தில், சிம்பலின் முகம் பாடகியின் மைக்கைப் பாராமல். ஆம்புகள் நாற்காலிமேல். டிரம்மர் நான் கேட்காமலே கனத்த குச்சிகளை உள்ளே வைத்துவிட்டு மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டிய ராடுகளை எடுத்தார். கிக் டிரம்முக்கு மட்டும் ஒரு மைக், அதுவும் சும்மா தொட்டுக்கொள்ள.

சவுண்ட் செக் வழக்கமாக டிரம்ஸில் தொடங்கும். இன்று குரலில் தொடங்கினேன். முன் ஸ்பீக்கர்களை மூடிவைத்து, மானிட்டரில் அவர் குரலை மட்டும் மெல்ல மெல்ல ஏற்றினேன். ஓர் இடத்தில் குரலுக்கு வால் முளைப்பதுபோல் 'ம்ம்' என்று ஒரு ரீங்காரம். அதிர்வெண்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் 31 பட்டை ஈக்யூவில் 630 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் வெட்டினேன். இன்னும் ஏற்றினேன், அடுத்தது 2.5 கிலோஹெர்ட்ஸில். அதையும் வெட்டினேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். மூன்றாவது, நான்காவது என்று வெட்டிக்கொண்டே போனால் முதல் நாள் நடந்ததுபோல் மானிட்டரில் குரலின் பிணம்தான் கேட்கும். பிறகு முழு அளவிலிருந்து சற்று இறக்கி வைத்துவிட்டு, "இது போதுமா?" என்றேன்.

"இதுக்கு மேல வேண்டாம் அண்ணா."

அதன் பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். 'பாடகி என்ன சொல் சொல்கிறார் என்று எனக்குக் கேட்கிற அளவுக்குத்தான் நான் வாசிக்கலாம்' என்று அவர்களே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்கள். நான் சொன்னதில்லை அது.

ஒலியளவு மீட்டரை எதிர்ச்சுவர் பக்கம் வைத்திருந்தேன். முதல் நாள் அந்த அறையில் 100ஐத் தாண்டியது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி 85 டெசிபல் எட்டு மணி நேரத்துக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 என்றால் கால் மணி நேரம்தான். இன்று 90ஐ ஒட்டியே நின்றது. வாசிக்கிறவர்களின் காதும் ஆயுள் முழுக்க வேண்டுமே.

ஒன்பதாவது பாட்டு மெதுவானது. நடுவில் எல்லோரும் நிறுத்திவிடுவார்கள், நான்கு வரி தனிக்குரல். முதல் நாள் அதைக் கத்தித்தான் பாடினார். இன்று உதடு வலையைத் தொடும் தூரத்தில் வைத்து, கிட்டத்தட்ட பேசுவதுபோல் பாடினார். இரண்டாவது வரியின் முடிவில் அவர் மூச்சை இழுத்த சத்தம் கடைசி வரிசை வரைக்கும் போனது. ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை நான் தொடவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு மைக்குகளின் வலைத் தலைகளைக் கழற்றினேன். உள்ளே இருக்கும் பஞ்சு வளையத்தில் ஏழு நாள் எச்சில், உதட்டுச் சாயம். வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் சோப்பு விட்டு, பழைய பல்தேய்க்கும் பிரஷால் தேய்த்து, துண்டில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். முழுக்கக் காய்ந்த பிறகுதான் திருப்பி மாட்ட வேண்டும். கிட்டார்காரர் பாடிய மைக்கின் வலை நசுங்கியிருக்கிறது. ஸ்பூனின் பின்புறத்தால் உள்ளிருந்து அழுத்தினேன், பாதி நிமிர்ந்தது. கேபிள்களை ஒரு சுற்று மேலாக, ஒரு சுற்று கீழாக மாற்றி மாற்றிச் சுருட்டி எண்ணினேன். பதினெட்டும் இருக்கிறது. வேன் காலை ஆறு மணிக்கு.